காலையில் காபி குடிக்காதே

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சொன்னால் கேட்கிற ஆளா அவள், மாடி ஏறி வத்தல் காயப்போடுகிறாள். மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமா?

இந்தத் தடவை கடலை மிட்டாய் கொடுத்துவிடவில்லை. எதிர்வீட்டுப் பையன் பெங்களூர் கிளம்பும்போது, பார்சல் இல்லையா தாத்தா என்று வாசலில் வந்து நின்றான். இல்லை என்று அனுப்பிவிட்டேன். பல்லை வைத்துக்கொண்டு நீ படுகிற பாடு எனக்குத் தெரிந்துவிட்டது.

பேத்தியைக் கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அவளாகத்தான் சொன்னாள், “தாத்தா, அம்மா ஆஸ்பத்திரில போயி வாயைத் தொறந்து வெச்சிக்கிட்டே தூங்கப் போறா” என்று. அப்புறம் மாப்பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்து விவரம் வாங்கினேன். நாலு ஞானப்பல்லும் எலும்புக்குள்ளே படுத்துக் கிடக்கிறதாம். கீழே வலப்பக்கப் பல்லைச் சுற்றி நீர்க்கட்டியாம். ஈறில் ஊசி போட்டு ஒவ்வொன்றாக எடுப்பதைவிட முழு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்றார்களாம். 19ஆம் தேதி ஆபரேஷன், மயக்க டாக்டர் பார்க்கிற நாள் 14. “அவளே சொல்லுவா மாமா, நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க” என்றார் மாப்பிள்ளை. காட்டிக்கொடுத்துவிட்டேன். அவரையும் ஒன்றும் சொல்லாதே.

உனக்கு நாலு தடவை போன் போட்டேன். நாலு தடவையும் அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பொங்கலுக்கே நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கிழக்கு வீட்டு விஷயத்துக்கு அப்புறம் நீ என்னிடம் எதையும் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். சரி, அது உன் இஷ்டம். ஆனால் தாடையை அறுக்கப் போகிறார்கள் என்பதைக்கூட எட்டு வயதுப் பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள்.

முதலில் சாப்பாட்டு விஷயம். நம் தெரு பல் டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தேன். ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்னாலிருந்து வயிற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிட்டால் பெரிய ஆபத்து. பால் கலந்த காபியும் சாப்பாட்டுக் கணக்குதான் என்றார் அவர். நீயோ காபி குடிக்காமல் கண்ணையே திறக்காதவள். பத்தாவது பரீட்சை அன்று பால்காரர் வரவில்லை என்று அழுதுகொண்டே போனாய். அப்படிப் போயும் 487 வாங்கினாய். அந்த மார்க் லிஸ்ட் ஜெராக்ஸை ஆபீசில் எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அன்று காபி இல்லாமல் இருந்தாய் இல்லையா, 19ஆம் தேதியும் இரு. காலையில் காபி குடிக்காதே.

நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடு. விரலில் ஒரு கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார்கள், பூச்சு இருந்தால் சரியாகக் காட்டாதாம். கம்மல், மெட்டி எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடு, அங்கே போய்க் கழற்றித் தொலைக்காதே. சளி இருமல் வந்தால் மறைக்காமல் சொல், தேதியைத் தள்ளிப் போடுவார்கள். மாப்பிள்ளையை முழு நாள் லீவு போடச் சொல். அரை நாள் இல்லை, முழு நாள்.

வாயில்தான் வேலை என்பதால் மூச்சுக்குழாயை மூக்கு வழியாக இறக்குவார்களாம். ரத்தம் உள்ளே போகாமல் இருக்கத் தொண்டையில் ஈரத் துணி சுருட்டி வைப்பார்களாம், முடிந்ததும் எடுத்துவிட்டுத்தான் எழுப்புவார்களாம். கண் விழித்ததும் தொண்டை கரகரக்கும், மூக்கில் கொஞ்சம் ரத்தம் கசியும், குளிரில் உடம்பு நடுங்கும். அதெல்லாம் சாதாரணம். பயப்படாதே.

அந்தக் குழாய் இறக்குகிற விஷயத்துக்குத்தான் வருகிறேன். காபி, நகப்பூச்சு எல்லாம் உனக்கு அவர்களே அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள். என்னிடம் இருப்பதை வேறு யாரும் கொடுக்க முடியாது.

1993 ஐப்பசியில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. உனக்கு ஆறு வயது. ஆச்சி வீட்டில் விட்டிருந்தோம், ஞாபகம் இருக்காது. வெடிக்கிற நிலையில் ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குக் கொண்டு போனார்கள். சின்ன நர்சிங் ஹோம். மயக்கத்திலிருந்து எனக்கு முதலில் திரும்பி வந்தது காதுதான். புஸ் புஸ் என்று ஒரு சத்தம். இன்னும் மூச்சு எடுக்கலையே என்று ஒரு ஆம்பிளைக் குரல். பீரோ சாவி எங்கே என்று யாரோ நர்சைக் கேட்கிறார்கள். கண்ணைத் திறக்கப் பார்த்தால் இமை வரவில்லை. விரலை அசைக்கச் சொன்னால் விரல் கேட்கவில்லை. இடது காலில் ஒரு கொசு உட்கார்ந்து கடிக்கிறது, ஊசி இறங்குவது வரை தெரிகிறது, காலை உதற முடியவில்லை. செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். அப்படியானால் என்னைக் கொண்டுபோய் எரிக்கும்போதும் இப்படியே தெரியுமே என்றும் நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை பாப்பா, உன் அம்மாவிடமும்.

அப்போது ஒரு நர்ஸ், “சார், கண்ணுல தண்ணி வருது” என்றாள். உடனே அந்த டாக்டர் என் காதுப் பக்கம் குனிந்து, “நீங்க முழிச்சிட்டீங்கன்னு தெரியுது. பயப்படாதீங்க. போட்ட மருந்து இறங்க நேரமாகுது. இறங்குற வரைக்கும் நான் உங்களுக்கு மூச்சுக் கொடுக்கறேன், எங்கேயும் போக மாட்டேன்” என்றார். மறுபடி தூக்க மருந்து கொடுத்தார். விடியக்காலை நாலு மணி வரை அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து ரப்பர் பையைக் கையாலேயே அமுக்கிக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் வந்து விளக்கினார். குழாய் இறக்கத் தசையெல்லாம் தளர வேண்டும், அதற்கு ஸ்கோலின் என்று ஒரு ஊசி போட்டாராம். அதை ரத்தத்தில் இருக்கிற ஒரு நொதி உடைத்துவிடும், ஐந்து பத்து நிமிஷத்தில் ஆள் தானாக மூச்சு விடுவான். எனக்கு அந்த நொதி பிறவியிலேயே சரியில்லையாம், அதனால் நிமிஷத்தில் இறங்க வேண்டியது மணிக்கணக்கில் நின்றுவிட்டது. “இது வியாதி இல்லை, சாதாரணமா உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. மயக்கம் கொடுக்கிறவனுக்குத் தெரிஞ்சா போதும்” என்றார். வேடிக்கையாகப் பேசுவார். அறுவைக்கு ஈதர் மயக்கம் கொடுக்கலாம் என்று 1846இல் பாஸ்டனில் எல்லோர் முன்னிலும் செய்து காட்டியவரே மார்ட்டன் என்கிற பல் டாக்டர்தான், ஆனால் மயக்கம் கொடுக்கிற எங்கள் பேர்கூட யாருக்கும் தெரியாது என்று சிரித்தார். நிஜம்தான். எனக்கும் இப்போது அவர் பேர் அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்தால்தான் தெரிகிறது.

சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் பிள்ளைகளுக்கும் வரலாம், கூடப் பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று லெட்டர் பேடில் எழுதிக் கையில் கொடுத்தார். ஸ்கோலின் கூடாது என்று சிவப்பு மையில் அடிக்கோடு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. தை மாதம் சின்ன அத்தைக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். ரத்தத்தில் குறை இருக்கிற குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால் என்ன ஆகும்? கல்யாணம் முடியட்டும் என்று எல்.ஐ.சி. பாலிசி வைக்கிற பைக்குள் வைத்தேன். கல்யாணம் முடிந்தது. அப்புறம் உனக்கு ஒரு நாள் வரன் பார்க்க வேண்டுமே என்று தோன்றியது. அப்புறம் எதுவும் தோன்றவில்லை, பழகிவிட்டது.

2006இல் அத்தைக்குப் பித்தப்பை ஆபரேஷன். அந்த ராத்திரி உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், நீதான் மாமாவுக்குத் தண்ணீர் வாங்கி வந்தாய். ஆபரேஷன் முடிந்தும் மூச்சு வரவில்லை, வெண்டிலேட்டரில் போட்டுவிட்டார்கள் என்றதும் நம் ஆட்கள் அத்தனை பேரும் போய்ச் சத்தம் போட்டோம். டோஸை ஜாஸ்தியாகப் போட்டுவிட்டீர்கள் என்று முதலில் கையை நீட்டியது உன் அப்பாதான். நீ பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா அத்தைக்காக எப்படிப் பேசினார் என்று ஊருக்கு வந்து பெருமையாகச் சொன்னாய். அந்த மயக்க டாக்டர் சின்னப் பெண், முப்பது வயது இருந்தால் அதிகம். சுவரோரமாக நின்றுகொண்டு, “உங்க குடும்பத்துல யாருக்காவது இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஆகியிருக்கா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டது.

இல்லை என்றேன்.

ரத்த டெஸ்ட் ஒன்று எடுக்க வேண்டும் என்றது. செய்தது போதும், வேண்டாம் என்றேன். காலையில் அத்தைக்கு மூச்சு வந்துவிட்டது, இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தப் பெண் அதற்குப் பிறகு அங்கே வேலை பார்த்ததா, அனுப்பிவிட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

உன் பிரசவத்துக்கும் வாயைத் திறக்கவில்லை. சிசேரியன் என்றதும் காரிடாரில் நின்றேன். முதுகில் போடுகிற ஊசிதான் என்று நர்ஸ் சொன்னாள். முதுகு ஊசி பிடிக்காவிட்டால் முழு மயக்கம் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சம்பந்தி பக்கத்தில் நிற்கிறாரே என்று நின்றேன். பேத்தி அழுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்றார்கள்.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். 14ஆம் தேதி மயக்க டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டு. எங்க அப்பாவுக்கு ஸ்கோலின் இறங்கவில்லை, அத்தைக்கும் அப்படி ஆனது, அப்பா அம்மா சொந்தம் என்று இதே வரிசையில் சொல். அந்த நொதியைப் பார்க்க சூடோ கோலினெஸ்டிரேஸ் என்று ரத்த டெஸ்ட் எழுதுவார்கள். பூச்சி மருந்து குடித்து வருகிறவர்களுக்கு எடுக்கிற அதே டெஸ்ட்தான், லேபில் யாராவது ஒரு மாதிரி பார்த்தால் கண்டுகொள்ளாதே. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் ஆபரேஷனை நிறுத்த வேண்டியது இல்லை. அந்த ஒரு மருந்தை விட்டுவிட்டு வேறு மருந்து போடுவார்கள். கட்டியை விட்டுவைத்தால் தாடை எலும்பை அரித்துவிடும், அதனால் இதைச் சாக்காக வைத்து நீ தேதியைத் தள்ளாதே. ஊசிக்குப் பயந்து எத்தனை வருஷம் தள்ளியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், இரண்டு நாளில் வந்துவிடும். முப்பத்து நாலு வருஷம் தபால் ஆபீசில் இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம். கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம், மிஸ்டு கால் போதும். 12ஆம் தேதிக்குள் வராவிட்டால் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவருக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன்.

தம்பிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அத்தையிடம் கடிதத்தில் சொல்லக் கூடாது. புதன்கிழமை காலை பஸ்ஸில் தூத்துக்குடி போகிறேன்.

அன்று காலையில் காபி குடிக்காதே.

அப்பா

பி.கு.: கவரில் இரண்டு ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். ஒன்று டாக்டருக்கு. இன்னொன்றைப் பேத்தியின் தடுப்பூசி அட்டையோடு வை.