டூசானில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். பட்டர்வொர்த்தில் தினமும் சாயங்காலம் மழை. அண்ணன் ஈப்போவிலிருந்து வந்து போனான். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இருமலை மறைக்க நடுநடுவே மைக்கை அணைத்தாய். அம்மா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். கேட்டால் தூசி என்பாய். உங்கள் ஊர்த் தூசிதான் எனக்குப் பயமே. அரிசோனா மண்ணிலிருந்து காக்சிடியாய்டஸ் என்ற பூஞ்சையின் வித்து மூச்சோடு ஏறி, நுரையீரலில் உருண்டையாகப் பெருத்து, உள்ளே நிறைந்த சிறு வித்துகளோடு வெடிக்கும் என்று நீதானே சாப்பாட்டு மேசையில் மாதுளம்பழத்தைப் பிளந்து காட்டினாய்? சாதாரண நிமோனியா என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றும் நீதான் சொன்னாய். அதனால் ரத்தப் பரிசோதனையை நீயே கேட்டு எடுத்துக்கொள்.

உன் பூஞ்சைத் தடுப்பூசி ஆராய்ச்சியைப் பற்றிக் கோயில் கமிட்டியில் யார் கேட்டாலும் எனக்கு வாய் ஓயாது. மனிதருக்கு எந்தப் பூஞ்சை நோய்க்கும் இன்னும் அனுமதி பெற்ற தடுப்பூசி இல்லை, 1980களில் கொல்லப்பட்ட பூஞ்சையால் செய்த ஊசி கலிபோர்னியாவில் பலிக்கவில்லை, இப்போது நோய் உண்டாக்கத் தேவையான சிபிஎஸ்1 மரபணுவை நீக்கிய உயிருள்ள பூஞ்சை சோதனைகளில் நாய்களைக் காப்பாற்றுகிறது என்றெல்லாம் சொல்வேன். ஒருமுறை வந்து தேறியவர்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வராததற்கு, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்கள்தான் காரணம் என்பதையும் சொல்வேன்.

விஸ்கான்சினில் ப்ரூஸ் க்ளைன் குழுவினர், டி செல்களில் ஒரு வகையான சிடி4 செல்கள் இல்லாத எலிகளில்கூடப் பூஞ்சைத் தடுப்பூசி போட்டால் இன்னொரு வகையான சிடி8 செல்கள் பாதுகாக்கும் வேலையை எடுத்துக்கொள்கின்றன என்று காட்டியதாகச் சொன்னாயே, அன்று எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது. கிட்னி மாற்றிய பிறகு அவள் டி செல்களை அந்த மாத்திரைகளே அடக்கி வைத்திருந்தன. அவளைப் போன்றவர்களுக்குத்தான் இந்தத் தடுப்பூசி முதலில் வேண்டும். ஆனால் உயிருள்ள பூஞ்சையை அவர்களுக்கு ஏற்ற முடியுமா? ஆபரேஷனுக்கு முன்பே போட்டுவிடலாமா? இதை யோசிக்கிற பிள்ளை என் பிள்ளை என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

ஆனால் லேபில் அத்தனை பாதுகாப்போடு இருந்துவிட்டு, வெளியே வந்ததும் புழுதிக் காற்றில் சைக்கிள் ஓட்டுகிறாய். ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவளுக்குத் தன் உடம்பைப் பார்க்க மட்டும் நேரமில்லையா? அசதியாக இருக்கிறதா, ராத்திரி வியர்க்கிறதா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாய்.

சரி, பரிசோதனை எடு. இன்சூரன்ஸ் ஏற்காவிட்டால் சொல், பணம் அனுப்புகிறேன். முடிவு வந்ததும் முதலில் எனக்கு வாட்ஸ்அப் பண்ணு, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். இந்த வாரமே போ.

அன்புடன்,
அப்பா