மாதிரி நிலவுப் பயணம் வழியாக அனைத்துப் பாடங்களையும் இணைத்துக் கற்பிக்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
நாமக்கல்.

வழி: பள்ளித் தலைமை ஆசிரியர் அவர்கள்

பொருள்: எட்டாம் வகுப்பு – மாதிரி நிலவுப் பயணம் – ஐந்து பாடங்களையும் இணைத்துக் கற்பித்தல் – இரண்டு முழு நாள்கள் பாடவேளை ஒதுக்கவும் பருவத்தினிடையே நடக்கும் வளரறி மதிப்பீட்டில் சேர்க்கவும் அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய ஆகஸ்ட் 23ஆம் நாள் தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடப்படுவதைத் தாங்கள் அறிவீர்கள். அந்நாளை ஒட்டி வரும் இரண்டு வேலை நாள்களில், எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் அனைவரையும் கொண்டு ஒரு மாதிரி நிலவுப் பயணத்தை நடத்தி, தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களையும் அதன் வழியாகவே கற்பிக்க ஐந்து ஆசிரியர்களும் திட்டமிட்டுள்ளோம். இதற்குத் தங்கள் அனுமதியை வேண்டி, ஐவர் சார்பாகவும் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

அறிவியல் ஆசிரியர் எழுத வேண்டிய மனுவைச் சமூக அறிவியல் ஆசிரியர் எழுதுவது ஏன் என்று தாங்கள் கருதக்கூடும். இது அறிவியல் கண்காட்சி அன்று என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும் என்பதற்காகவே நான் எழுத முன்வந்தேன். கண்காட்சியில் நான்கு மாணவர்கள் ராக்கெட் மாதிரி செய்வார்கள், மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். நாங்கள் எண்ணியுள்ள பயணத்தில் ஒரு வகுப்பறை கட்டுப்பாட்டு அறையாகவும் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் விண்கலமாகவும் மாறும். ஓர் அறையில் இருப்பவர் மற்ற அறையைப் பார்க்க முடியாது. வழிகாட்டல், எரிபொருள், உயிர்காப்பு, தகவல் தொடர்பு, நிலவியல், பதிவேடு என ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கும், பாதி வழியில் இரு அறையினரும் இடம் மாறிக்கொள்வார்கள். ஒருவர் கணக்கில் பிழை செய்தால் அடுத்தவரின் வேலை நின்றுவிடும். பாடங்கள் ஒன்றுக்கொன்று தேவைப்படும் நிலையை உருவாக்குவதுதான் எங்கள் நோக்கமே தவிர, விண்வெளியைப் பற்றி நாலு செய்திகள் சொல்லித் தருவது அன்று.

இம்முறை எங்கள் கற்பனையும் அன்று. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 விநாடிகளில் சிதறி எழுவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தச் சென்றவர். அவர் கற்பித்தது இயற்பியல் அன்று, சமூக அறிவியல் பாடம் என்பதை இங்கே சற்றுப் பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன். இறந்தவர்களின் குடும்பத்தினர் கல்லிலோ வெண்கலத்திலோ நினைவுச் சின்னம் எழுப்புவதோடு நிறைவடையாமல், மாணவர்கள் மாதிரி விண்பயணம் மேற்கொள்ளும் கற்றல் மையங்களைத் தொடங்கினார்கள். முதல் மையம் 1988இல் ஹூஸ்டன் நகரின் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்டது. கட்டுப்பாட்டு அறை, விண்கலம் என இரு பிரிவாகப் பிரிந்து பணியாற்றுவதும் இடையில் இடம் மாறிக்கொள்வதும் அங்கிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டவை. அவர்களிடம் இருக்கும் கருவிகள் எங்களிடம் இல்லை. அட்டைப்பெட்டியும் அச்சிட்ட எண் தாள்களும் போதும் என்பது எங்கள் முடிவு.

ஒத்திகை என்பது சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணுவோருக்கு நம் மாவட்டமே விடையாக இருக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தசைட் பாறை சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. அதைப் பொடித்து உருவாக்கிய மண்ணைப் பரப்பித்தான் சந்திரயான் திட்டத்தின் தரை ஒத்திகைகளை இஸ்ரோ நடத்தியது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதிய பிறகு, அடுத்த கலத்தின் உணரிகளை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள், எஞ்சின்களைக் கிரேனில் கட்டி இயக்கிப் பார்த்தார்கள், கால்களை நிலவு மண்ணை ஒத்த பரப்பின் மேல் இறக்கிப் பார்த்தார்கள். 2024 நவம்பரில் லடாக்கின் லே பகுதியில், வேற்றுக்கோளில் வாழ்வது போன்ற மாதிரி முகாம் ஒன்றும் இஸ்ரோவின் பங்களிப்போடு தொடங்கியது. அறிவியலாளர்கள் செய்து பார்த்துக் கற்கும் ஒன்றை, அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான பிள்ளைகள் புத்தகத்தில் மட்டும் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடந்த கல்வியாண்டில் இரண்டு பாடவேளைகளுக்கு மட்டும் இதை முயன்று பார்த்தோம். அதில் நேர்ந்தவற்றை மறைக்காமல் கூறுவது என் கடமை. முதல் மாடியிலிருந்து, ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்திலிருந்து, ஒரு முட்டையை உடையாமல் இறக்க வேண்டும் என்பதுதான் முதற்பணி. (முட்டைகள் ஆசிரியர்கள் கடையில் வாங்கியவை, சத்துணவு முட்டை எதையும் தொடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.) ஆறு குழுக்களில் ஐந்து குழுக்கள் பாலித்தீன் பையில் பாராசூட் செய்துகொண்டு வந்தன. அறிவியல் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நிலவில் காற்று ஏது?” ஐந்து குழுக்களும் முற்றத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கின. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் பூமியில் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும், ஈர்ப்பு ஆறில் ஒரு பங்காக உள்ள நிலவில் ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் தொடும் என்று கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். சந்திரயான்-3இன் கால்கள் விநாடிக்கு 3 மீட்டர் வேகம் வரை தாங்கும்படி வலுப்படுத்தப்பட்டன என்று சொன்னபோது, அந்த எண்ணின் பொருள் அவர்களுக்குப் புரிந்தது. அந்த மட்டில் நன்றாகவே நடந்தது; ஆனால் அடுத்த மணி அடித்துவிட்டது, முடிவுரை எழுதாமலே மாணவர்கள் ஆங்கில வகுப்புக்குப் போனார்கள். இரு முழு நாள்கள் கேட்பதற்குக் காரணம் அந்த மணிதான்.

கணக்குப் பாடத்தில் இதன் பயன் வெளிப்படையானது. சந்திரயான்-3 ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்த நிலையில் இறங்கத் தொடங்கியது. அந்த வேகத்தில் நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு நான்கு நிமிடத்துக்குள் போய்விடலாம் என்று மாணவர்களே கண்டுபிடிக்கும் வகையில் வினாத்தாள் தயாரித்துள்ளோம். அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைப்பது நம் வழக்கம்; 1999இல் ஒரு குழுவின் மென்பொருள் விசையைப் பவுண்டு அலகில் தர, மற்றொன்று அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதால் அமெரிக்காவின் செவ்வாய்க் கலம் ஒன்று முழுவதுமாக அழிந்ததைச் சொல்லி, அதே பிழை நேரும் ஒரு கட்டத்தை எங்கள் பயணத்திலும் வைத்திருக்கிறோம்.

இத்திட்டத்தால் மிகுதியாகப் பயன்பெறப் போவது தமிழ்ப் பாடம் என்பது என் தனிப்பட்ட கருத்து. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 கலத்தின் ஆக்சிஜன் கலன் வெடித்தபின், மூன்று வீரர்களும் தஞ்சம் புகுந்த தரையிறங்கு கலத்தில் கரியமில வாயு பெருகிற்று. கையிருப்பில் இருந்த வடிப்பான்கள் சதுரம், பொருத்த வேண்டிய இடமோ வட்டம். கலத்தில் இருந்த பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டே ஓர் இணைப்பைத் தரையில் இருந்த பொறியாளர்கள் முதலில் செய்து பார்த்தார்கள். பிறகு அதைச் செய்யும் விதத்தைப் படிப்படியாக வாய்மொழியாகவே சொல்ல, வீரர்கள் கேட்டுச் செய்து பிழைத்தார்கள். அங்கே ஒரு சொல் பிறழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். எங்கள் சிறு முயற்சியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு மாணவி, “வலப்பக்கம் மடக்கவும்” என்று சீட்டு எழுதி அனுப்பினார்; யாருடைய வலம், எதிரே நிற்பவரின் வலமா அட்டையின் வலமா என்று கலத்தில் இருந்தவர்கள் வாதிட்டே நேரத்தைக் கழித்தார்கள். அதன் பிறகு அவ்வகுப்பு எழுதிய அறிவுறுத்தல் வாக்கியங்களைத் தமிழாசிரியை என்னிடம் காட்டினார். கட்டுரை ஏட்டில் பல மாதங்களாக அவர் சிவப்பு மையில் எழுதி வந்த திருத்தங்களை, அந்த ஒரு சீட்டு ஒரே நாளில் செய்திருந்தது.

என் பாடத்தைப் பொறுத்தவரை, குலசேகரன்பட்டினம் ஒன்றே போதுமானது. 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அங்கே இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ராக்கெட், இலங்கையின் மேல் பறக்காமல் இருக்க வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து தெற்கே திறந்த கடல். நிலப்படத்தை விரித்து இரு கோடுகள் போடச் சொன்னால் மாணவர்களே காரணத்தைக் கூறுவார்கள். அதே ஏவுதளத்துக்கு 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்பட்டது என்பதிலிருந்து நிலம் எடுப்பு, இழப்பீடு, மீனவர் வாழ்வு ஆகியவற்றைப் பற்றிய ஒரு மாதிரிக் கிராமசபையையும் நடத்த முடியும். நிலவு எந்த நாட்டுக்கும் உரியதன்று என்னும் 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையைப் பற்றி இரண்டாம் நாள் விவாதம் உண்டு. ஆங்கிலத்தில் செய்திக் குறிப்பும், உடற்கல்வியில் எடையின்மையால் எலும்பு தேய்வதைக் குறைக்கும் உடற்பயிற்சிகளும் இடம்பெறும்.

பாடப்பகுதி முடியுமா என்னும் கேள்வியைச் சக ஆசிரியர்களே எழுப்பினார்கள். நியாயமான கேள்விதான். இம்முறை எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் கூற வரவில்லை: இயற்கணிதக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகுவதற்கும், செய்யுளைப் பொருளுணர்ந்து மனனம் செய்வதற்கும் இது ஈடாகாது. எனவே ஆண்டு முழுவதற்கும் இதைக் கேட்கவில்லை. அந்த இரு நாள்களில் விடுபடும் பாடவேளைகளை ஈடுசெய்யும் அட்டவணையைத் தலைமை ஆசிரியர் பார்வையிட்டு ஒப்பமிட்டுள்ளார்.

ஆகவே, இவ்விரு நாள்களும் வழக்கமான கால அட்டவணையிலிருந்து விலக்கி எட்டாம் வகுப்புக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்றும், மாணவர்கள் அன்று தயாரிக்கும் கணக்குத் தாள், அறிவுறுத்தல் சீட்டு, பயணப் பதிவேடு, நிலப்படம் ஆகியவற்றை ஐந்து பாடங்களிலும் வளரறி மதிப்பீட்டின் ‘அ’ பகுதிக்குரிய செயல்பாடாக ஏற்று மதிப்பெண் வழங்க எழுத்துப்பூர்வமாக அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் பற்றிய இவ்வேண்டுகோளே முதன்மையானது. மதிப்பெண் இல்லாத செயல்பாட்டைப் பெற்றோரும் நாங்களும் எவ்வளவு மதித்தாலும், தேர்வு நெருங்கும்போது அதுதான் முதலில் கைவிடப்படும் என்பதை இத்தனை ஆண்டுப் பணியில் கண்டிருக்கிறேன். பள்ளிகளில் அறிவியல், கணக்குச் செயல்பாடுகளை நடத்திக் காட்டும் வானவில் மன்றக் கருத்தாளரை அந்த இரு நாள்களில் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு அனுப்ப ஆவன செய்தால் உதவியாக இருக்கும். செலவுக்காகத் தனி நிதி எதுவும் கோரவில்லை. அட்டை, பசை, தாள் ஆகியவற்றைப் பள்ளி மானியத்திலிருந்து வாங்கப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் நிறைவேற்றியுள்ளது.

பயணம் முடிந்த இரு வாரங்களுக்குள், சரியாக நடந்தவற்றோடு தவறிப்போனவற்றையும் எழுதி ஓர் அறிக்கையைத் தங்கள் பார்வைக்கு அனுப்புவோம். அதைப் பார்த்தபின், குறுவள மையக் கூட்டம் ஒன்றில் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு இதை நடத்திக் காட்டத் தாங்கள் பணித்தால் ஐவரும் வரத் தயாராக உள்ளோம். மாணவர்களுக்கான பொறுப்புகளைப் பிரித்துத் தருவதற்கும் எண் தாள்களை அச்சிடுவதற்கும் மூன்று வாரங்கள் தேவைப்படுவதால், ஜூலை மாத இறுதிக்குள் தங்கள் ஆணை கிடைக்கப்பெற்றால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர்
(உடன் கையொப்பமிடுவோர்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் பட்டதாரி ஆசிரியர்கள்)

இடம்: நாமக்கல் மாவட்டம்

இணைப்பு: இரு நாள் நிகழ்ச்சி அட்டவணை, ஈடுசெய் பாடவேளை அட்டவணை, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல்.