எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. காலாண்டு விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்த பிறகுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. உன் பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்டி.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் பள்ளியில் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதமாமே! பி.எட். படித்தபோது நாமும் அதை நம்பினவர்கள்தான். பயிற்சி வகுப்பில் ஒரு தமிழ் வார்த்தை வாயில் வந்துவிடக் கூடாதே என்று எப்படிப் பயந்தோம்! இப்போது நான் அப்படி நினைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி 'டு மீ ஒன் பிரதர் இஸ்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்து, 'ஐ ஹேவ் எ பிரதர்' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் 'டு மீ ஃபீவர்' என்று லீவ் லெட்டர் கொண்டுவந்தாள். மதியம் சாப்பிடும்போது தமிழ் ஐயாவிடம் சொல்லி அலுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவ நாலாம் வேற்றுமையை அப்படியே எழுதியிருக்கா டீச்சர். 'கு' உருபுக்கு நன்னூல் சொல்ற பொருள்ல முறையும் ஒண்ணு, அதாவது உறவுமுறை. சாத்தனுக்கு மகன், எனக்குத் தம்பி. நாம உறவைச் சொல்றதே அப்படித்தானே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகத் தப்பு என்று அடித்தேனே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததே இல்லை. 'ஹேவ்' என்பதற்கு நேரான வினை தமிழில் கிடையாது. அந்தப் பிள்ளை எங்கே போய்த் தேடுவாள்?

மறுநாள் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டேன். எனக்குத் தம்பி இருக்கிறான், எனக்குக் காய்ச்சல், எனக்குத் தலைவலி: மூன்றுக்கும் 'ஐ ஹேவ்'. எனக்குப் பசிக்கிறது என்றால் 'ஐ ஆம் ஹங்கிரி'. எனக்குத் தெரியும், 'ஐ நோ'. எனக்குப் பிடிக்கும், 'ஐ லைக்'. இந்தப் பக்கம் 'எனக்கு' வந்தால் அந்தப் பக்கம் 'ஐ' வருகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஜூனிலிருந்து வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து, "எனக்கு வேணும்னா, டீச்சர்?" என்றான். 'ஐ வான்ட்' என்றேன். "ஐ வான்ட் வாட்டர்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் வகுப்பில் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம் அதுதான். தமிழில் கேட்டதற்கு அபராதம் போட்டிருந்தால் அவன் எழுந்தே இருக்கமாட்டான்.

பத்தாம் வகுப்பில் இதற்கெல்லாம் எங்கே நேரம்? 2019-20 கல்வியாண்டில் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தின் இரண்டு தாளை ஒன்றாக்கினார்கள், பாரம் குறைந்தது. ஆனால் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே, பேச்சுக்கு ஒன்றுகூட இல்லை. அரையாண்டு முடிந்தால் எல்லாரையும் 35 தாண்டவைக்கிற ஓட்டம்தான். மெமரி போயம், லெட்டர் ஃபார்மட் என்று மாலை ஸ்பெஷல் கிளாஸ். அதனால்தான் ஒன்பதாம் வகுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஹெச்.எம்.மிடம் அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிப் பாரேன். நீ சொன்னால் கேட்பார்.

இந்த வாரம் 'இல்' எடுத்திருக்கிறேன். பையில், சுவரில், பஸ் ஸ்டாண்டில் எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே உருபு. அவர்களுக்கு இன், ஆன், அட் என்று மூன்று. பிள்ளைகள் ரொம்பக் குழம்புகிறார்கள். நீ எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய்? விவரமாக எழுது.

உன் பழைய பெஞ்சுத் தோழி