திரையில் 24.6, பில்லில் 23.3: ஹைபிரிட் கார் தயாரிப்பாளர்களுக்கும் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் ஒரு திறந்த மடல்

இந்தியாவில் ஹைபிரிட் கார் விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு விதி வகுக்கும் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கும்,

வணக்கம்.

ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் முத்திரை குத்திய 5 லிட்டர் அளவை ஒன்று இருக்கிறது. சந்தேகப்படும் எந்த வாடிக்கையாளரும் அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் பிசகலாம். அதாவது அரை விழுக்காடு. அதே பெட்ரோல் காருக்குள் போனதும் திரையில் ‘சராசரி லிட்டருக்கு 24.6 கி.மீ.’ என்று வருகிறது. அந்த எண் எவ்வளவு பிசகலாம்? கார் வாங்கியவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமே அல்ல. சாதாரணப் பெட்ரோல் காரைவிடச் சில லட்சம் கூடக் கொடுத்து ஒருவர் ஹைபிரிட் வாங்குவதே அந்த எண்ணை நம்பித்தான்.

மூன்று எண்கள் இருக்கின்றன. ஷோரூமிலும் சர்வீஸ் சென்டரிலும் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். முதலாவது சான்றிதழ் மைலேஜ். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுகளுக்கு 27.97, இன்னோவா ஹைகிராஸுக்கு 23.24. ஆய்வகத்தில் உருளைகள் மேல் காரை ஏற்றி, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுத்த எண் அது. இரண்டாவது, காரின் திரை சொல்வது. மூன்றாவது, பங்க் பில்லை வைத்துக் கையால் போடும் கணக்கு. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளிக்கு டிராஃபிக், ஏசி, வேகம், மேடு, டயர் காற்று என்று ஆயிரம் காரணம் உண்டு. அதைப் பற்றி இந்த மடலில் பேசவில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

இந்த இடைவெளியைச் சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னால் வரும் பதில், “ஓட்டுற விதத்தைப் பொறுத்தது சார்” என்பதுதான். தவறான பதில் இது. திரையும் பில்லும் ஒரே காரின், ஒரே ஓட்டுநரின், ஒரே பயணத்தின் கணக்குகள். ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால் இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். நிதானமாக ஓட்டினால் இரண்டும் சேர்ந்து ஏற வேண்டும். ஓடோமீட்டரின் மேலும் பழி போட முடியாது. டயர் தேயத் தேய ஓடோமீட்டர் கொஞ்சம் கூடக் காட்டும் என்பது உண்மைதான்: 215/60 R17 டயரில் 6 மி.மீ. தேய்ந்தால் ஆரம் 2 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. ஆனால் கையால் கணக்குப் போடுபவரும் அதே ஓடோமீட்டரின் கிலோமீட்டரைத்தானே எடுத்துக்கொள்கிறார்? தூரத்தில் பிழை இருந்தால் அது இரண்டு பக்கமும் சமமாக விழும். மிஞ்சுவது ஒன்றே ஒன்று, லிட்டர். கார் எண்ணிய லிட்டரும் பங்க் ஊற்றிய லிட்டரும் ஒத்துப்போகவில்லை.

கார் லிட்டரை எப்படி எண்ணுகிறது? பெட்ரோல் குழாயில் ஃப்ளோ மீட்டர் எதுவும் கிடையாது. இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருந்தது என்பதை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கூட்டி, திறந்திருக்கும் நேரத்தில் இவ்வளவு பெட்ரோல் பாயும் என்று ஆலையில் எழுதி வைத்த எண்ணால் பெருக்குகிறது. அந்த எண் ஒரு மாடலுக்கு ஒன்று. பொதுவாக ஒவ்வொரு காரின் இன்ஜெக்டர்களையும் தனித்தனியாக அளந்து அந்த எண்ணை எழுதுவதில்லை. உண்மையான பாய்ச்சல் அந்த எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்லச் சொல்ல ஈசியூ திறப்பு நேரத்தைக் குறைக்கும், திரையில் மைலேஜ் உயரும். இன்ஜெக்டரில் கசடு படிந்தால் நேர்மாறாக நடக்கும். டேங்கில் எழும் ஆவி கரித்துகள் பெட்டி வழியாக இன்ஜினுக்குள் போய் எரிகிறதே, அது இன்ஜெக்டர் வழியாக வராததால் இந்தக் கணக்கிலேயே சேராது. அளவு சிறிதுதான், ஆனாலும் அது தள்ளுவது எப்போதும் மைலேஜ் கூடத் தெரியும் பக்கமாகத்தான்.

இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் ஒரு லிட்டருக்குள் இருக்கும் ஆற்றலே தூய பெட்ரோலைவிட 6 முதல் 7 விழுக்காடு குறைவு. இதனால் குறையும் மைலேஜை ஒழுங்காக எண்ணும் கார் திரையிலும் காட்டிவிடும். ஆனால் ஒரு மென்பொருள் உள்ளே போன காற்றின் எடையை 14.7-ஆல் வகுத்து ‘இவ்வளவு பெட்ரோல் செலவாகியிருக்கும்’ என்று ஊகித்தால் நிலைமை வேறு. தூய பெட்ரோலுக்குத்தான் 14.7 பங்கு காற்று. இந்தக் கலவைக்கு 13.5 பங்கு போதும். திருத்தம் சேர்க்காவிட்டால், இந்த ஒரு காரணத்தால் மட்டுமே திரை 8 முதல் 9 விழுக்காடு கூடக் காட்டும். உங்கள் மென்பொருள் இரண்டில் எந்த வழியில் எண்ணுகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

பேட்டரியைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிட் பேட்டரி 0.76 கிலோவாட் மணி. அதில் 40 விழுக்காடு ஏறி இறங்குகிறது என்று வைத்தாலும் 0.3 கிலோவாட் மணிதான். இன்ஜினும் ஜெனரேட்டரும் சேர்ந்து ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து சுமார் 3 கிலோவாட் மணி எடுக்கும். ஆக முழு பேட்டரியின் பங்கு 100 மில்லி பெட்ரோல். 10 கி.மீ. டெஸ்ட் டிரைவில் செலவாவதே 400 மில்லி என்றால் இந்த 100 மில்லி விளையாட்டையே மாற்றிவிடும். பேட்டரி நிறைந்த காரை வாடிக்கையாளர் கையில் கொடுத்து ‘பாருங்க சார், 31 காட்டுது’ என்று சொல்வது அதனால்தான் நேர்மையாகாது. ஆனால் 36 லிட்டர் செலவான ஒரு முழு டேங்கில் அதே 100 மில்லி 0.3 விழுக்காடுகூட இல்லை. அங்கே பேட்டரியைச் சாக்காகச் சொல்ல முடியாது.

கையால் போடும் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு, ஒத்துக்கொள்கிறோம். ஒரு தடவை நிரப்பியதை வைத்துக்கொண்டு கம்பெனியோடு சண்டைக்குப் போகக் கூடாது. கார் நிற்கும் சாய்வு, பம்பின் வேகம், நாசில் நுழைந்திருக்கும் ஆழம் ஆகியவற்றைப் பொறுத்து ஆட்டோ கட்-ஆஃப் அரை லிட்டர், ஒரு லிட்டர் முன்னே பின்னே விழும். எனவே ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்பு, காலை நேரம். முதல் கட்-ஆஃபோடு நிறுத்திவிட வேண்டும். ரவுண்டாக்குவதற்காக டக் டக்கென்று மேலே ஊற்றச் சொல்லக் கூடாது; திரவப் பெட்ரோலே கரித்துகள் பெட்டிக்குள் ஏறிவிடும், பெட்டியும் கெட்டுப்போகும். பில்லில் பணத்தைப் பார்க்காமல் லிட்டரைப் பார்த்து, இரண்டு தசமம் வரை எழுத வேண்டும். காரில் இருக்கும் இரண்டு பயண மீட்டர்களில் ட்ரிப் ஏ-யை ஒவ்வொரு நிரப்பலுக்கும் ஜீரோவாக்கலாம். ட்ரிப் பி-யைப் பத்து நிரப்பல் முடியும்வரை தொடவே கூடாது. பல கார்களில் பெட்ரோல் போட்டதும் தானாக அழிந்துவிடும் ஒரு சராசரியும் இருக்கும், அதை நம்பி எழுதக் கூடாது. எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு, பத்து மைலேஜ் எண்களைக் கூட்டிப் பத்தால் வகுப்பது. 400 கி.மீ.க்கு 20 லிட்டர், அடுத்த 400-க்கு 16 லிட்டர் என்றால் 20-க்கும் 25-க்கும் நடுவில் 22.5 அல்ல விடை. 800-ஐ 36-ஆல் வகுக்க வேண்டும்: 22.2.

இப்படி எழுதினால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. 842 கி.மீ. ஓடியிருக்கிறது, திரை 24.6 என்கிறது, பில்லில் 36.15 லிட்டர். கைக்கணக்கு 23.3. திரை சொல்வது சரியென்றால் 34.23 லிட்டர்தான் பிடித்திருக்க வேண்டும், கிட்டத்தட்ட 1.9 லிட்டர் இடிக்கிறது. பம்பின் அரை விழுக்காடு அதில் 0.18 லிட்டரை விளக்கும். கட்-ஆஃப் ஒரு லிட்டரை விழுங்கலாம். ஆகவே ஒரு நிரப்பலில் எதுவும் நிரூபணமாகாது. பத்து நிரப்பல் எடுங்கள்: 8,310 கி.மீ., 358.4 லிட்டர், கைக்கணக்கு 23.2, ட்ரிப் பி காட்டுவது 24.5. இப்போது இடைவெளி 19 லிட்டருக்கு மேல். நிரப்பும் பிழை தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே இருப்பதால் அது இன்னும் ஒரு லிட்டர் அளவில்தான் நிற்கிறது. பம்பு முழு அரை விழுக்காடு குறைத்து ஊற்றியிருந்தாலும் 1.8 லிட்டர். மீதி 16 லிட்டருக்குக் கார்தான் பதில் சொல்ல வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 1,600 ரூபாய்.

சரிசெய்ய முடியாத குறை என்று சொல்லிவிடாதீர்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களில் திரைக் கணக்கை 85 முதல் 115 விழுக்காடு வரை திருத்தும் அமைப்பு சர்வீஸ் கருவியிலேயே இருக்கிறது. பத்து பில்லோடு வருபவரின் காரில் ஐந்து நிமிடத்தில் எண்ணைச் சரிசெய்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 முதல் அங்கே பதிவாகும் புதிய கார்கள், வாழ்நாளில் எரித்த மொத்த எரிபொருளையும் ஓடிய மொத்தத் தூரத்தையும் உள்ளேயே சேமிக்க வேண்டும். அந்த அளவீடு 5 விழுக்காட்டுக்கு மேல் பிசகக் கூடாது. வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைபிரிட்டுகளுக்கும் இது பொருந்தும். அப்படித் திரட்டிய தரவை வைத்துத்தான் 2024-இல் ஐரோப்பிய ஆணையத்தால், பெட்ரோல், டீசல் கார்கள் சான்றிதழைவிட சுமார் 20 விழுக்காடு கூடுதலாகவும், பிளக்-இன் ஹைபிரிட்டுகள் சான்றிதழ் அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கும் எரிக்கின்றன என்று சொல்ல முடிந்தது.

அமைச்சகத்திடம் நாங்கள் கேட்பது அதே 5 விழுக்காட்டு வரம்பை, அதே வாழ்நாள் எண்ணிகளோடு, இங்கே விற்கும் ஹைபிரிட்டுகளில் தொடங்குங்கள் என்பதுதான். பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலவையிலேயே அதைச் சோதிக்க வேண்டும்; ஆய்வகத்துக்கென்று தனியாக வரும் எரிபொருளில் அல்ல.

தயாரிப்பாளர்களிடம் கேட்பவற்றுக்குப் புதிய சென்சார் எதுவும் தேவையில்லை. ‘சராசரி’ என்ற ஓர் எண்ணுக்குப் பக்கத்தில், அதைக் கணக்கிட நீங்கள் பயன்படுத்திய லிட்டரையும் கிலோமீட்டரையும் காட்டுங்கள்: ட்ரிப்புக்குத் தனியாக, வாழ்நாளுக்குத் தனியாக. பங்க்கில் நிற்பவர் பில்லையும் திரையையும் லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டுக்கொள்வார். கையேட்டில் பிழை வரம்பை அச்சிடுங்கள். பத்து முழு டேங்க் பில்லோடு வருபவரின் காரில் திருத்த எண்ணை மாற்றிக்கொடுக்கும் அதிகாரத்தை டீலருக்குக் கொடுங்கள். அந்த மாற்றத்தை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் பில்கள் தயாராக இருக்கின்றன: தேதி, ஓடோமீட்டர், லிட்டர், திரையில் தெரிந்த எண் என்று நான்கு பத்தியில்.

இப்படிக்கு,
ஹைபிரிட் கார் ஓட்டுவோரும் பழுது பார்ப்போரும்