செயலாளரின் ஆண்டறிக்கை: பெருந்தொற்றுக் காலத்தில் வலிப்பு நோயோடு (2020 மார்ச் முதல் 2021 பிப்ரவரி வரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

வலிப்பு நோயாளர்களுக்கான நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். எத்தனை கூட்டங்கள் நடந்தன, யார் வந்து உரையாற்றினார்கள் என்ற வரிசையில் எழுதுவதே வழக்கம். இவ்வாண்டு நேரில் ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது, வலிப்பு நோய் விழிப்புணர்வு நாளான மார்ச் 26 ஊதா நாளுக்கான அழைப்பிதழ்கள் அச்சாகி என் மேசைமேல் இருந்தன. கனடாவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருவர் 2008 இல் தொடங்கிவைத்த அந்த நாளை நாம் கொண்டாடவில்லை. அந்த அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில்தான், எந்த உறுப்பினரிடம் எத்தனை நாளுக்கு மாத்திரை இருக்கிறது என்ற கணக்கை எழுதத் தொடங்கினோம்.

முதல் வாரத்தில் வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைக் கேட்டன: வலிப்பு நோய் இருப்பதால் தொற்று எளிதில் பற்றிக்கொள்ளுமா? வலிப்பு நோய் இருப்பது மட்டுமே தொற்று வாய்ப்பைக் கூட்டுவதாகச் சான்று இல்லை என்று பன்னாட்டு வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் தெரிவித்திருந்ததை அனைவருக்கும் சொன்னோம். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. நமக்கான ஆபத்து கிருமியைவிட, கிருமிக்காக மூடப்பட்டவற்றில்தான் அதிகம் இருந்தது. மருந்துக் கடைக்குப் போக முடியாமை, புறநோயாளர் பிரிவு மூடப்பட்டமை, வேலை போன கவலையில் உறக்கம் கெட்டமை, வீட்டில் துணைக்கு ஆள் இல்லாமற்போனமை ஆகிய ஒவ்வொன்றும், பல ஆண்டுகளாக அடங்கியிருந்த வலிப்பை மீண்டும் வரவழைக்கக்கூடியது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது; முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 70 விழுக்காடும் நாள்தோறும் வேளை தவறாமல் விழுங்கும் மாத்திரையின்மேல்தான் நிற்கிறது. ஆகவே, எந்த உறுப்பினருக்கும் ஒரு வேளை மருந்தும் தவறக் கூடாது என்பதையே செயற்குழு இவ்வாண்டின் முதல் வேலையாக வைத்துக்கொண்டது.

மாத்திரை தீர இரண்டு வாரம் இருக்கும்போதே தகவல் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்து, மருந்துச் சீட்டின் படத்தைக் கைபேசியில் பெற்று, தன்னார்வலர்கள் மருந்தை வாங்கி வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். பீனோபார்பிட்டால், குளோபசாம் போன்ற வலிப்பு மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடலாம் என்பதால், அவற்றை உட்கொள்பவர்களின் பெயர்களைப் பட்டியலின் தலைப்பில் எழுதிவைத்தோம்.

இதில் நிகழ்ந்த ஒரு பிழையை நான் மறைக்க விரும்பவில்லை. கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்தை 200 மில்லிகிராம் உட்கொள்ளும் உறுப்பினர் ஒருவருக்கு, கடையில் அது இருப்பு இல்லாததால் 400 மில்லிகிராம் அட்டை கொடுக்கப்பட்டது. நம் தன்னார்வலர் மருந்தின் பெயரைப் பார்த்தாரே தவிர எண்ணைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அந்த உறுப்பினர் என்னை அழைத்து, நடந்தால் தள்ளாடுகிறது, கடிகாரத்தில் இரண்டிரண்டு முட்கள் தெரிகின்றன என்றார். மருந்து அளவு மிகும்போது வரும் அறிகுறிகள் அவை. அன்றே மருத்துவரிடம் பேசி அளவைச் சரிசெய்தோம். அவர் நலமாக இருக்கிறார். அதன்பின் மருந்தின் பெயர், மில்லிகிராம், நிறுவனம், சாதாரண மாத்திரையா மெதுவாகக் கரையும் வகையா என்ற நான்கையும் தொலைபேசியில் உரக்கப் படித்துக்காட்டிய பிறகே மாத்திரை அட்டையைப் பிரிப்பது என்று விதி வகுத்தோம். இந்த விதியை முதல் நாளிலேயே வகுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது.

மருத்துவ ஆலோசனை தொலைபேசிக்கும் காணொலிக்கும் மாறியது. வலிப்பு நோயில் மருத்துவர் பெரும்பாலும் வலிப்பைக் கண்ணால் காண்பதில்லை. கண்டவர் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார். அதனால் மற்ற பல நோய்களைவிட நமக்கு இம்மாற்றம் ஓரளவு பொருந்தியே வந்தது. வலிப்பு வரும்போது முதலில் நோயாளரைப் பாதுகாப்பாக ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, அருகில் இன்னொருவர் இருந்தால் கைபேசியில் படம் பிடிக்குமாறு குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்தோம். தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது, எத்தனை நிமிடம் நீடித்தது என்பனவற்றைப் பதற்றத்தில் நினைவு வைத்திருப்பது கடினம். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனையை (இஇஜி) மட்டும் வீட்டிலிருந்து செய்ய இயலாததால், அது தேவைப்பட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

வதந்திகளோடு மல்லுக்கட்டியதும் இவ்வாண்டின் பெரிய பணி. ஆவி பிடிக்கும்போது கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் சேர்க்குமாறு செய்திகள் பரவின. இவை இரண்டும் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்பது மருத்துவம் நெடுங்காலமாக அறிந்தது. வெந்நீர் ஆவி மட்டும் போதும், அதையும் தனியாக இருக்கும்போது பிடிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினோம். தொற்றுக்காக அப்போது முயன்று பார்க்கப்பட்ட மருந்துகளிலும் கவனம் தேவைப்பட்டது. வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரிட்டோனாவிர் சேர்ந்த கூட்டு மருந்து நம் உறுப்பினர்கள் பலர் உட்கொள்ளும் கார்பமாசெபின், பெனிடாயின் ஆகியவற்றோடு மோதக்கூடியது. மலேரியா மருந்தான குளோரோகுயினும் அதன் இனத்தைச் சேர்ந்தவையும் சிலருக்கு வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. தாம் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை எழுதிய அட்டையை ஒவ்வொருவரும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது இதனால்தான்.

இனி எழுதுவதைக் கனத்த மனத்தோடு எழுதுகிறேன். இவ்வாண்டில் நம் இளம் உறுப்பினர் ஒருவரை உறக்கத்தில் இழந்தோம். அவருக்குத் தொற்று இருக்கவில்லை. உடன் தங்கியிருந்த நண்பர் ஊரடங்குக்கு முன்பே சொந்த வீட்டுக்குச் சென்றுவிட்டதால், பல வாரங்களாக அறையில் தனியாக இருந்தார். வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 பேரில் ஒருவர் இவ்வாறு எதிர்பாராமல் இறக்கிறார். வலிப்பு அடங்காதவர்களுக்கும் இரவில் தனித்து உறங்குபவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். இதை உறுப்பினர்களிடம் வெளிப்படையாகப் பேசினால் பயந்துவிடுவார்கள் என்று முன்பெல்லாம் தயங்கினோம். இப்போது பேசுகிறோம். அவருடைய தாயாரே, எல்லாரிடமும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறைந்த அந்த உறுப்பினருக்கு இப்பேரவை எழுந்து நின்று அஞ்சலி செலுத்த வேண்டுகிறேன்.

அந்த வாரமே இரவுத் தொலைபேசிச் சங்கிலியைத் தொடங்கினோம். தனியாக வசிப்பவர் படுக்கப் போகும்போது ஒருமுறையும் விழித்தவுடன் ஒருமுறையும் தமக்கு இணையாக அமர்த்தப்பட்டவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். காலையில் குறித்த நேரத்தில் செய்தி வராவிட்டால் இணை அழைப்பார். எடுக்காவிட்டால், சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டாரை அனுப்புவார். இது எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதை அறிவோம்.

தொற்று உறுதியானவர்களுக்கு இதைவிடக் கடினமான சிக்கல் இருந்தது. தொற்றுக்கு மருந்து, கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருப்பது. வலிப்புக்கோ, தனித்திருப்பதே ஆகாது. போதாக்குறைக்குக் காய்ச்சலும் உறக்கமின்மையும் வலிப்பைத் தூண்டுபவை. நம் உறுப்பினரான பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டில் செய்த ஏற்பாட்டை இங்கே பதிவு செய்கிறேன். கட்டிலை வெளியேற்றிவிட்டு மெத்தையைத் தரையில் விரித்தார்கள். கதவு சாத்தியிருந்தாலும் தாழிடப்படவில்லை; குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியே விட்டார்கள். கைபேசியைக் காணொலி அழைப்பில் வைத்துச் சுவரோரம் சாய்த்துவிட, அவருடைய கணவர் கூடத்தில் இருந்தபடி இரவெல்லாம் மனைவியின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவருகே நாற்காலியில் முகக்கவசம், கையுறை, வலிப்பு நீண்டால் நிறுத்துவதற்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மிடசோலம் மூக்குத் தெளிப்பான் ஆகியன ஆயத்தமாக இருந்தன. நான்காம் இரவு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கணவர் முகக்கவசம் அணிந்து உள்ளே சென்று, அவரை இடப்பக்கமாகத் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். ஐந்து நிமிடத்துக்குள் நின்றுவிட்டதால் தெளிப்பானுக்கு வேலை வரவில்லை. இந்த ஏற்பாட்டை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி எல்லா வீடுகளுக்கும் அனுப்பியுள்ளோம்.

வெளியிடங்களில் நிலைமை மோசமாகவே இருந்தது. தெருவில் வலிப்பு வந்து விழுந்த உறுப்பினர் ஒருவரைச் சுற்றி நின்றவர்கள், தொற்று என்று பயந்து பின்வாங்கினார்களாம். வாயை மூடியிருந்த முகக்கவசத்தைக்கூட எவரும் அகற்றவில்லை. வலிப்பு வந்தவரின் முகக்கவசத்தை உடனே கழற்ற வேண்டும். உதவுபவர் தம்முடையதை அணிந்திருந்தால் போதும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். இந்நான்கையும் படங்களாக வரைந்து சுவரொட்டியாக்கினோம்.

நற்செய்தியும் உண்டு. 2020 நவம்பரில் உலக சுகாதாரப் பேரவை, வலிப்பு நோய்க்கும் பிற நரம்பியல் நோய்களுக்கும் உலகளாவிய செயல்திட்டம் வகுக்கக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2021 பிப்ரவரி 8, பன்னாட்டு வலிப்பு நோய் நாளன்று நடந்த நம் இணையவழிக் கூட்டத்தில் பெரும்பகுதி நேரம் தடுப்பூசி பற்றியே பேசினோம். வலிப்பு நோய் தடுப்பூசிக்குத் தடையன்று. ஊசிக்குப்பின் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம், வலிப்பு மாத்திரையை மட்டும் ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று கலந்துகொண்ட நரம்பியல் மருத்துவர் விளக்கினார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கூட்டச் செலவுக்கான தொகை முழுவதையும், வேலையிழந்த உறுப்பினர்களின் மருந்துக்காக மாற்றிச் செலவிட்டதற்கு இப்பொதுக்குழு பின்னேற்பு வழங்க வேண்டும். இரவுச் சங்கிலியைப் பெருந்தொற்று முடிந்த பின்னும் நிரந்தரப் பணியாகத் தொடர்வதற்கான தீர்மானத்தையும் முன்மொழிகிறேன். இணை இல்லாத உறுப்பினர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காலையில் ஒரு செய்திக்காகக் காத்திருக்க முன்வருபவர்கள் இக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்