ஏ.பி. தேர்வைத் திரும்ப எழுதுவது பற்றி: 10, 11, 12-ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் இந்த ஆண்டுக்கான பதிவு தொடங்கியதிலிருந்து மூன்று குடும்பங்கள், பிள்ளையை ஒரு வருடம் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தார்கள். மூவரும் சொன்ன காரணம் ஒன்றுதான். ஜூலையில் ஏ.பி. (அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) ரிசல்ட் வந்தது, 5-க்கு 2 அல்லது 3தான் கிடைத்தது, வருகிற மே மாதம் திரும்ப எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் படிக்க நேரம். ஒரு அம்மா என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய பெண் பக்கத்தில் நின்று கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாளே தவிர, பதில் சொல்லவில்லை. அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நம்மில் பலர் ஊரில் பிளஸ் டூ முடித்தவர்கள். அந்தக் காலத்தில் 'இம்ப்ரூவ்மென்ட்' என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். அரை மார்க்கில் மெடிக்கல் சீட் போனவர்கள் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து திரும்ப எழுதினார்கள். மார்க் ஏறினால் வாழ்க்கையே மாறியது. அந்த நினைவோடுதான் நாம் ஏ.பி.யையும் பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இது வேறு வகைத் தேர்வு.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். காலேஜ் போர்டு என்ற அமைப்பு ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ.பி. தேர்வை வருடத்துக்கு ஒரு முறை, மே மாதம் நடத்துகிறது. மதிப்பெண் ஜூலையில் வரும். 11-ஆம் வகுப்பில் எழுதிய தேர்வை உங்கள் பிள்ளை 12-இல் திரும்ப எழுதினால், புதிய மதிப்பெண் வருவதற்குள் கல்லூரி விண்ணப்பம், முடிவு, சேர்க்கை எல்லாம் முடிந்திருக்கும். ஆக, 12-ஆம் வகுப்பு மறுதேர்வு அட்மிஷனுக்கு உதவாது. கல்லூரியில் சேர்ந்த பிறகு கிரெடிட் (அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்து முடித்ததாகவே எடுத்துக்கொள்ளும் கணக்கு) வாங்கவோ, முதல் நிலைப் பாடத்தைத் தாண்டிப் போகவோதான் அது பயன்படும். 10-இல் எழுதியதை 11-இல் திரும்ப எழுதினால் மட்டும் அந்த மதிப்பெண்ணை விண்ணப்பத்தில் காட்ட முடியும். இந்த ஒரு விஷயம் பல வீடுகளில் தெரியாமலே இருக்கிறது.

கிரெடிட்டுக்காகத்தான் என்றால், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எத்தனை மதிப்பெண் என்று பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். நாம் இருக்கும் டெக்சஸில் 2015-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தொடக்கநிலைப் பாடங்களுக்கு 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தர வேண்டும், அதற்கு மேல் கேட்பதென்றால் தகுந்த சான்று வேண்டும் என்கிறது அது. ஆகவே 3 வாங்கிவிட்டு அழுகிற பிள்ளைக்குக் கையில் ஏற்கெனவே கிரெடிட் இருக்கலாம். இன்னொன்று, டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்க எல்லா மாணவர்களும், பொறியியல் படித்தாலும், அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் மணி படித்தாக வேண்டும். இந்த மாநிலத்திலேயே படிக்கப்போகும் பிள்ளைக்கு அமெரிக்க வரலாற்றில் 2 வந்திருந்தால், திரும்ப எழுதுவதை நானே ஆதரிப்பேன். பொதுவாக நாம் கெமிஸ்ட்ரிக்கும் கால்குலஸுக்கும் துடிப்போம், வரலாற்றை விட்டுவிடுவோம். வெளி மாநிலங்களில் கதை வேறு. கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகம் ஏ.பி.க்கு கிரெடிட்டே தருவதில்லை. பல தனியார் பல்கலைக்கழகங்கள் 4 அல்லது 5 கேட்கின்றன. காலேஜ் போர்டு தளத்தில் கல்லூரியின் பெயரைக் கொடுத்துத் தேடினால் அவர்களுடைய விதி கிடைக்கும். பிறகு அந்தக் கல்லூரியின் தளத்திலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் மகன் 11-ஆம் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் 3 வாங்கினான். நான்தான் விடவில்லை. 12-ஆம் வகுப்பில் ஃபிசிக்ஸும் கால்குலஸும் புதிதாகப் படித்துக்கொண்டே பழைய கெமிஸ்ட்ரியையும் இழுத்துக்கொண்டு போனான். ஏப்ரல் மாதத்தில் இரவு ஒரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் தலை வைத்துத் தூங்குவான். கன்னத்தில் ஸ்பைரல் நோட்டின் கம்பித் தடம் பதிந்திருக்கும். கெமிஸ்ட்ரியில் 4 வந்தது, ஃபிசிக்ஸ் கைவிட்டது. கல்லூரிக்குப் போனதும், மருத்துவம் படிக்கும் எண்ணம் இருந்தால் கெமிஸ்ட்ரியை இங்கேயே முதலிலிருந்து படி, சில மருத்துவக் கல்லூரிகள் ஏ.பி. கிரெடிட்டை ஏற்பதில்லை என்று ஆலோசகர் சொல்லிவிட்டார். அந்த 4 எங்கும் பயன்படவில்லை. எழுத வைப்பதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துப் பார்த்திருந்தால் எனக்கே இது தெரிந்திருக்கும். அவனிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டேன்.

சரி, எல்லாம் பார்த்த பிறகும் எழுதுவதுதான் நல்லது என்று தெரிகிறது, பிள்ளையும் விரும்புகிறாள் என்றால், தாராளமாக எழுதட்டும். பழைய மதிப்பெண்ணை நினைத்துப் பயப்பட வேண்டாம். ரிப்போர்ட்டில் இரண்டு மதிப்பெண்களும் போகும், ஆனால் குறைந்ததை ஒரு கல்லூரிக்குக் காட்டாமல் நிறுத்திவைக்கலாம், அதற்கு 10 டாலர். ஒரேயடியாக ரத்தும் செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது. ஜூலையில் கோபத்தோடு உட்கார்ந்து ரத்து பட்டனை அழுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏ.பி. தேர்வுக்கான பதிவு நவம்பரில் முடிகிறது, சில பள்ளிகள் அக்டோபரிலேயே மூடிவிடும். அந்த வகுப்பில் இந்த வருடம் இல்லாதவர்கள் பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி 'தேர்வு மட்டும்' பிரிவில் சேர வேண்டும். கட்டணம் ஒரு பாடத்துக்குக் கிட்டத்தட்ட 100 டாலர், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. பதிந்துவிட்டு எழுதாமல் விட்டால் அதற்கும் 40 டாலர் போகும்.

படிக்கும் முறையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். பிள்ளைக்குக் கிடைப்பது 1 முதல் 5 வரை ஒரே ஒரு எண்தான், எங்கே சறுக்கியது என்று அது சொல்லாது. அதனால் பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படிப்பது பெரும்பாலும் நேர விரயம். முந்தைய ஆண்டுகளின் விரிவான விடைக் கேள்விகளையும், எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்ற திருத்தும் குறிப்பையும் காலேஜ் போர்டே இலவசமாக வெளியிடுகிறது. கால்குலஸ் என்றால் 6 கேள்விகளுக்கு 90 நிமிடம், கேள்விக்குக் கால் மணி நேரம். கடிகாரம் வைத்து ஒரே ஒரு கேள்வியை எழுதச் சொல்லுங்கள், அப்புறம் குறிப்பை வைத்து அவளே திருத்தட்டும். சென்ற வருடம் நம் மாணவி ஒருத்தி நூலக அறையில் அப்படித் திருத்தியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விடை எல்லாம் சரி. ஆனால் ஏன் அது உச்சப் புள்ளி என்று காரணம் எழுதவில்லை, இன்னொன்றில் அலகை விட்டிருந்தாள். "எனக்குக் கணக்கு வராதுன்னு நெனச்சிட்டிருந்தேன் சார்" என்றாள். அவளுக்குக் கணக்கு நன்றாகவே வரும்.

இனி நம் வகுப்பு விஷயம். ஏ.பி.யில் தமிழ் கிடையாது என்பது எனக்கும் வருத்தம்தான். சீனம், ஜப்பானியம், ஸ்பானிஷ் எல்லாம் இருக்கின்றன, நம் மொழி இல்லை. ஆனால் தமிழ்த் தேர்வுக்கு உயர்நிலைப் பள்ளி கிரெடிட் தரும் பள்ளி மாவட்டங்கள் இங்கே உண்டு, அந்தத் தேர்வுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பிள்ளைகளைத்தான் இப்போது நிறுத்தக் கேட்கிறீர்கள். ஆசிரியர்களோடு பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஏ.பி. எழுதும் எல்லா மாணவர்களுக்கும், முதல் முறையானாலும் மறுமுறையானாலும், ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு முதல் தேர்வுகள் முடியும்வரை விடுப்பு. வீட்டுப்பாடம் கிடையாது, வருகைப் பதிவில் குறையாது. விட்ட பாடத்தை மே கடைசியில் இரண்டு ஞாயிறுகளில் நடத்திக்கொள்வோம். அதனால் யாரும் வருடம் முழுக்க நிற்க வேண்டிய தேவை இல்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் 12:30 மணிக்கு நூலக அறையில் இருப்பேன். இப்போது கல்லூரியில் படிக்கும் நம் பழைய மாணவர்கள் இருவரும் வருகிறார்கள், ஒருவர் மறுதேர்வு எழுதியவர், ஒருவர் எழுத வேண்டாம் என்று முடிவெடுத்தவர். பிள்ளை விரும்பும் கல்லூரிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். பிள்ளையையும் கட்டாயம் அழைத்து வாருங்கள், முதலில் அவர்கள் பேசட்டும், நாம் பிறகு பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்