வரவர, மெல்ல மெல்ல, படிப்படியாக

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

அன்புள்ள பங்காளி,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலை என்றதும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைதான் ஏய்த்துவிட்டது, ஆழியாற்றுத் தண்ணீரை நம்பி நடவு போட்டிருக்கிறோம்.

'படிப்படியாக', 'மெல்ல மெல்ல' இரண்டும் ஒன்றுதானே என்று பேத்தி கேட்டாளாமே. பரீட்சைக்கு அப்படி எழுதிக்கொள்ளட்டும். எனக்கு ஒப்பவில்லை. 'படிப்படியாக' என்றால் படி இருக்க வேண்டும், இடையில் நின்று மூச்சு வாங்க இடம் வேண்டும். பெரும்பாலும் அதைச் செய்கிற ஆளும் இருப்பார். டாக்டர் மருந்தைப் படிப்படியாகக் குறைக்கிறார்.

கள்ளைப் பார். கள்ளுக்குப் பேர்போன பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாக்காரன் வேறு எதைச் சொல்வேன்? விடியலில் இறக்கும்போது தித்திப்பு. கலயத்தில் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற நுரை பொங்கும், வாசம் மாறும், சாயங்காலம் நாக்கைக் கடிக்கும். அது 'படிப்படியாகப் புளித்தது' என்று இறக்குகிறவர் யாரும் சொல்ல மாட்டார். "நேரமாக நேரமாகப் புளிச்சுப்போச்சு" என்பார். வினையை இரட்டித்ததுமே பொழுதும் புளிப்பும் சேர்ந்து ஏறுவது தெரிந்துவிடுகிறது. தமிழில் எனக்கு மிகப் பிடித்த அமைப்பு இது.

'வரவர' என்றால் பெரும்பாலும் சொல்கிறவரின் மனத்தாங்கலும் கூடவே வரும். "வரவர உன்னைப் பார்க்கவே முடியறதில்லை" என்பதுபோல.

மலையாளத்தில் 'க்ரமேண' என்றால் கொஞ்சம் கொஞ்சமாக. அதைக் கேட்டு இங்குள்ள பிள்ளைகள் "காய்ச்சல் கிரமமாகக் குறைஞ்சது" என்கிறார்கள். நமக்குக் கிரமம் என்றால் ஒழுங்கு, முறை. பார்க்கிற இடத்தில் எல்லாம் சொல்லித் திருத்துகிறேன்.

1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவாகும்வரை பாலக்காடு நகரம் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது, எங்கள் சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்த ஒரு நாளில் எல்லை மாறிவிட்டது, பேச்சு அப்படி மாறவில்லை. 'இங்கே தமிழ் மெல்ல மெல்லத் தேய்கிறது' என்று மேடையில் பேசுகிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. யார் கையும் படாமல் தானாக நடந்த மாதிரி அல்லவா அது ஒலிக்கிறது? பிள்ளையை எந்த மீடியத்தில் சேர்ப்பது என்று வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். தமிழ் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். பேரனைத் தமிழ் மீடியத்தில் சேர்க்கச் சொல்லி மகனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். மருமகள் சம்மதித்துவிட்டாள், அவன்தான் யோசிக்கிறான். நீயும் ஒரு போன் போட்டுச் சொல், நீ சொன்னால் கேட்பான்.

அன்புடன்,
உன் பங்காளி